வாரண்டியும் ஒரு வார்த்தையும்

1

எங்கள் காருக்கு நடுக்கம் வந்திருக்கிறது.

நான் இப்போது இருப்பது மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகர் ஒன்றில், என் மகன் வாங்கிய வீட்டில். தெருமுனையில் ஒரு ரவுண்டானா. அதில் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வந்து, மறுபடி வேகம் எடுக்கும்போது கியர் மாறுகிற இடத்தில் வண்டி ஒரு தரம் உதறுகிறது. பேசுவதற்கு முன் ஒருவர் தொண்டையைச் செருமுவதைப் போல. என் மகன் முரளி அப்படித்தான். எதையாவது முக்கியமாகச் சொல்வதற்கு முன் ஒரு தரம் செருமுவான். இதை நான் மருமகளிடம் சொல்லவில்லை. பின் இருக்கையில் இடது ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ரவுண்டானா நெருங்கும்போது மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். வண்டி செருமும். பிறகு ஒன்றும் சொல்லாது.

முரளி போன வருடம் ஆடி மாதம் போய்விட்டான். நாற்பத்து மூன்று வயது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறும்போது உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. முதல் வருடத் திதி போன மாதம் முடிந்தது. அவன் கார் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் திரையில் 'வெல்கம் முரளி' என்று எழுத்து வரும். அதை மாற்றத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் மாற்றவில்லை.

அந்தக் காரை நம்பித்தான் இப்போது வீடு ஓடுகிறது. மருமகள் சுமதி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பகுதியில் பஸ் கிடையாது. ரயிலில் போனாலும் இறங்கின இடத்திலிருந்து இல்லத்துக்குப் போக வழி கிடையாது. கார் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் சுமதி, பேத்தி நிலா, நான் ஆகிய மூன்று பேரும் இந்த வீட்டில் இருக்க முடியாது. இது எனக்கு வயதான காலத்தில் வந்த வீண் கவலை இல்லை. சுமதியே சொன்னது.

சர்வீஸ் சென்டரில் பார்த்தார்கள். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொந்தச் செலவில் மாற்றுவதென்றால் சுமதியின் பல மாதச் சம்பளம் போகும். வாரண்டியில் மாற்றினால் ஒன்றும் இல்லை.

"வாரண்டி இருக்கிறது" என்றேன் நான். அதை அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவன் நான்தான்.

2

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் டைம் ஆபீஸில் இருந்தேன். காலையில் கேட்டுக்கு உள்ளே போன தலைகளும் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த தலைகளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் கேட்டை மூட முடியாது. யாராவது உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டிருப்பார்கள், தேடிப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கே பூங்காவில் உட்கார்ந்தாலும் உள்ளே வந்தவர்களையும் வெளியே போனவர்களையும் மனசு எண்ணிக்கொண்டே இருக்கிறது. கணக்கு ஒத்துவராத நாளில் எழுந்து வர மனசு வராது.

முரளி முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, அதோடு வந்த சர்வீஸ் புத்தகத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதி, ஓடிய கிலோமீட்டர், சீல், கையெழுத்து. ஒன்று விட்டுப்போனாலும் கம்பெனி கையை விரித்துவிடும் என்று அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்தை எங்கள் பக்கத்தில் முழுதாகப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதுவாயல் கூட்டுரோட்டில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கடையை யேசுதாஸ் என்பவர் நடத்திவந்தார். வேலை சுத்தம். ஆனால் எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார்.

"இன்னா சார், வண்டிக்குப் போயி ஜாதகம் எய்தச் சொல்றீங்க? ஆயில் மாத்திட்டேன், வண்டி கும்முனு ஓடுது. எடுத்துக்கினு போங்க சார்."

"கிலோமீட்டர் போடுங்க யேசு. போன தடவையும் போடல."

"உடமாட்டாருப்பா இவுரு" என்று மகன் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, ஒனக்குச் சின்ன வயசுல எத்தினி ஊசி போட்டாங்கோன்னு கூட ஒங்கப்பா இப்பிடி எய்தி வெச்சிக்கினு இருப்பாரா?"

முரளி ஒரு தரம் செருமிவிட்டு, "வெச்சிருக்காருண்ணே" என்றான்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உண்மை. அவனுக்குப் போட்ட தடுப்பூசிகள் எல்லாம் தேதியோடு என்னிடம் இருந்தன. இங்கே வரும்போது அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மோட்டார் சைக்கிளின் இன்ஜின் வாரண்டிக் காலத்துக்குள் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கம்பெனி ஆள் வந்து புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குறை சொல்ல ஒரு புள்ளி கிடைக்கவில்லை. புது இன்ஜின் வந்தது. அன்றைக்கு யேசுதாஸ் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "சார், நீங்க பேஜாரு புடிச்ச ஆளு. ஆனா கெலிச்சிட்டீங்கோ."

முரளி இங்கே இந்தக் காரை வாங்கியபோது, ஏழு வருட வாரண்டி என்பதற்காகத்தான் இதை எடுத்தான். என் மனைவி மறைந்த பிறகு நானும் இங்கே வந்து சேர்ந்திருந்த சமயம். சர்வீஸ் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "ஒங்க டிபார்ட்மென்ட் அப்பா. ஏழு வருசத்துக்கு எனக்குக் கவலையில்ல" என்றான்.

பன்னிரண்டு மாதம், அல்லது பதினைந்தாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இதுதான் நிபந்தனை. நாங்கள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. போன வருடம் ஆடி வரைக்கும்.

3

அன்றைக்கு ஊருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. சுமதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். புதுவாயலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தங்கை கனகாவைக் கூப்பிட்டேன்.

"கனகா, நம்ம முரளி பூட்டாம்மா."

"எங்கண்ணா பூட்டான்? ஆபீஸுக்கா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இன்னாண்ணா, ஊட்டுல எதுனா சண்டையா? கோச்சிக்கினு பூட்டானா?"

போய்விட்டான் என்பதை எங்கள் பக்கம் பூட்டான் என்றுதான் சொல்வோம். கடைக்குப் போனாலும் பூட்டான், சுடுகாட்டுக்குப் போனாலும் பூட்டான். முரளி விமானம் ஏறின அன்று எங்கள் தெரு முழுக்க "முரளி பூட்டான், முரளி பூட்டான்" என்றுதான் பேச்சு. அந்த வார்த்தையை வைத்து அவள் எதைத்தான் புரிந்துகொள்வாள்? சுமதி எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். சுமதி என்ன வார்த்தை சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கனகாவின் குரல் அந்தச் சின்னப் போனிலிருந்து கிளம்பிக் கொல்லை வரைக்கும் கேட்டது.

மறுநாள் கனகாவே கூப்பிட்டாள்.

"அண்ணா, கருமாதி முடியற வரைக்கும் அவன் வண்டிய யாரும் தொடாதீங்கோ. ஸ்டார்ட் கூட பண்ண வேணாம். அவன் இன்னும் அதுலதான் குந்திக்கினு இருப்பான்."

நான் படித்தவன். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பதினாறு நாளும் நான் கார் நிற்கும் அறையின் கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே அதற்குள் போக ஒரு கதவு உண்டு. துணி துவைக்கும் இடத்துக்கு எதிரே. அந்தக் கதவுப் பக்கம் முதுகைக் காட்டாமல் துணி துவைத்தேன்.

இடையில் ஒரு நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை சர்வீஸுக்கு முரளி முன்பதிவு செய்திருக்கிறார், வண்டியைக் காலையிலேயே விட்டுவிடுகிறாரா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். வேறு தேதி கேட்டார்கள். பிறகு சொல்கிறோம் என்றேன். பொடி எழுத்தைப் படித்தவன், எது முந்துகிறதோ அது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவன், அப்படிச் சொல்லிப் போனை வைத்தேன். கனகா சொன்னதற்குக் கட்டுப்பட்டுத்தான். வண்டியில் அவன் குந்திக்கொண்டிருக்கும்போது எவனோ ஒருவன் அடியில் படுத்து ஆயிலை இறக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கருமாதி முடிந்ததும் அஸ்தியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். பழவேற்காட்டில் கடலில் கரைத்தோம். சுமதியின் அப்பா திருவாலங்காட்டில் நெல் பயிரிடுகிறவர். அவர் பெண்ணையும் பேத்தியையும் உடனே விடவில்லை. அங்கே துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரிய மனிதர், கார் சர்வீஸ் பேச்சு எப்படியோ வந்தபோது, "வண்டிய கரீட்டா சர்வீஸ் உட்டவன் ஒடம்ப உடலியே" என்று உச்சுக் கொட்டினார். நல்ல வாசகம் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவருக்குக் காபி வந்துகொண்டிருந்தது. திருப்பி எடுத்துப்போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

நாங்கள் திரும்பி வந்தது நவம்பரில். பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அதைச் சரிசெய்து, சர்வீஸும் செய்து, புத்தகத்தில் சீல் வாங்கினேன். ஜூலையில் விழ வேண்டிய சீல் நவம்பரில் விழுந்தது.

4

கியர்பாக்ஸை வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்ததற்கு, கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஜூலை சர்வீஸ் உரிய காலத்தில் செய்யப்படவில்லை, காரணத்தைத் தெரிவிக்கவும் என்று. சுமதி விண்ணப்பத்தில் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். பகலில் அவளால் பேச முடியாது, வேலை செய்யும் இடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். அதனால் நான் கூப்பிட்டேன். இசை வாசித்து வாசித்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல்.

"முரளியுடன்தானே பேசுகிறேன்?"

"இல்லை மேடம். முரளியின் அப்பா."

"முரளி பக்கத்தில் இருக்கிறாரா?"

"இல்லை."

"எப்போது கூப்பிட்டால் கிடைப்பார்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. "என் பெயரும் உங்களிடம் இருக்கிறது" என்றேன். அவள் தேடிப் பார்த்து, இருக்கிறது என்றாள்.

"போன ஜூலையில் செய்ய வேண்டிய சர்வீஸ் ஏன் செய்யப்படவில்லை?"

நான் தயாராகத்தான் இருந்தேன். ஆங்கிலத்தில் அந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. ஆலையின் அறிவிப்புப் பலகையில் நானே எத்தனையோ தடவை சாக்கட்டியால் எழுதியிருக்கிறேன். நம் சக ஊழியர் இன்னார் எக்ஸ்பயர்ட். விடுப்புக் கடிதங்களிலும் அதுதான் வரும். ஃபாதர் எக்ஸ்பயர்ட், மதர் எக்ஸ்பயர்ட். ஒருவனுடைய பெரியப்பா மட்டும் ஓயாமல் எக்ஸ்பயர் ஆகிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, போன தை மாசம்தானே ஒங்க பெரிப்பா எக்ஸ்பயர் ஆனாரு?"

"அது வேற பெரிப்பா சார்."

"இன்னும் எத்தினி பேரு பாக்கி?"

"எங்க தாத்தாவுக்கு ரெண்டு சம்சாரம் சார்."

அவனுக்கு லீவு கொடுத்துவிடுவேன். அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அதையே இந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

"எக்ஸ்பயர்ட், மேடம். அந்த ஜூலையில்தான். அதனால்தான் செய்ய முடியவில்லை."

"ஜூலையிலேயே எக்ஸ்பயர்ட் என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் மேடம். நான் வீட்டில்தான் இருந்தேன்."

"நல்லது, குறித்துக்கொள்கிறேன். உங்கள் நேர்மைக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இல்லை, மேடம்."

"இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

இரக்கமில்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் இனிய நாள் என்கிறாளே. ஆனாலும் வேலை முடிந்துவிட்டது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

5

அடுத்த கடிதம் மின்னஞ்சலில் வந்தது. தாங்கள் தொலைபேசியில் உறுதி செய்தபடி, சர்வீஸ் நிபந்தனை தவறிய காரணத்தால் இந்த வாகனத்தின் வாரண்டி கடந்த ஜூலையிலேயே எக்ஸ்பயர் ஆகிவிட்டது, ஆகவே கியர்பாக்ஸ் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது.

நான் உறுதி செய்தேனா? எதை? இரண்டு தடவை படித்தும் எனக்கு விளங்கவில்லை. பேத்தி நிலா பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. அவளிடம் காட்டினேன். நான் போனில் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன்.

பென்சிலைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நெடுநாள் கழித்து, எனக்காகத் தமிழில் பேசினாள்.

"தாத்தா, மில்க்தான் எக்ஸ்பயர் ஆகும். அப்பா மில்க் இல்ல."

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் பால் எக்ஸ்பயர் ஆகும், லைசென்ஸ் ஆகும், மாத்திரை ஆகும், வாரண்டி ஆகும். ஆள் ஆவதில்லை. கும்மிடிப்பூண்டியில் பலகையில் எழுதி, நான்கு பக்கமும் கோடு போட்டு, மேலே பூ வைத்த வார்த்தை இங்கே பால் டப்பாவின் மூடியில் இருக்கிறது. போதாததற்கு நான் பேசிய ஆங்கிலத்தில் எழுவாய் இல்லை. நம் தமிழில் அது இல்லாமலே பேசலாம், கேட்கிறவருக்குப் புரியும். யார், எது என்று சொல்லாமல் வெறும் எக்ஸ்பயர்ட் என்றேன். அவள் வாரண்டியைப் பற்றிக் கேட்டாள், நான் மகனைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒப்புக்கொண்டு போனை வைத்திருக்கிறோம்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. நம் மொழியிலேயே காலாவதி என்பதும் காலமானார் என்பதும் அடுத்தடுத்த வீடுகள்தானே.

6

சுமதி வேலையிலிருந்து வந்து கடிதத்தைப் படித்தாள். சிரிப்பாள் என்றோ, திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள்.

"திருப்பிக் கூப்புடுங்க மாமா. செத்துட்டாருன்னு சொல்லுங்க. டெட். அவ்ளோதான்."

"நீ ஒரு நாள் லீவு போட்டுட்டுப் பேசினா நல்லாருக்கும்மா. உன் இங்கிலீஷு..."

"என் இங்கிலீஷுக்கு இன்னா? அந்த ஒரு வார்த்தைக்கு இன்னா இங்கிலீஷு வேணும்?"

"அவங்களுக்கு நாசூக்கா வேற எதுனா வார்த்தை இருக்கும். பாஸ்ட் எவே, அந்த மாதிரி."

"அத நீங்க சொன்னா எங்க பாஸ் ஆனாருன்னு கேப்பாங்கோ."

அவள் விடவில்லை.

"மாமா, நான் எத்தினி பேருக்கு சொன்னேன் தெரியுமா ஒங்களுக்கு? பேங்க்குல சொன்னேன். கரண்ட்டு ஆபீஸ்ல சொன்னேன். அவுரு ஆபீஸுக்கு, நிலா ஸ்கூலுக்கு, போன் கம்பெனிக்கு. ஒவ்வொருத்தன்கிட்டயும் மொதல்லருந்து. ஜிம்முக்குக் கூட நான்தான் சொன்னேன். அவன் கேக்கறான், மெம்பர்ஷிப்ப கேன்சல் பண்றதுக்கு இன்னா காரணம்னு. கனகா அத்தைக்கும் நான்தான சொன்னேன்? நீங்க போன என் கையில குடுத்துட்டு கொல்லைக்குப் பூட்டீங்கோ."

"தப்புதாம்மா."

"தப்புன்னு சொல்லல. இந்த ஒண்ண மட்டும் நீங்க சொல்லுங்கன்றேன். இன்னொரு தபா என்னால முடியாது மாமா. கார் போனாலும் போவட்டும்."

கார் போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். அது போகட்டும் என்று அவள் சொல்ல வேண்டுமென்றால் அந்த வார்த்தை எவ்வளவு கனமாக இருந்திருக்க வேண்டும்? அவள் ஒருத்தி தனியாக, ஒவ்வொரு கவுண்டராக அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் பின்னால் ரசீதுகளை அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

7

மறுநாள் சுமதி வேலைக்கும் நிலா பள்ளிக்கும் போன பிறகு அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதலில் கொல்லைப் பக்கம் நின்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினார். நானும் கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் சர்வீஸ் புத்தகம், ரசீதுகள், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல்.

"முரளியுடன்தானே பேசுகிறேன்?"

"இல்லை. முரளி இஸ் டெட்."

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கி, கடைசி எழுத்து வெளியே வரவில்லை. அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும். மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். மன்னிக்கவும், மிகவும் வருந்துகிறேன், இது என் பிரிவு இல்லை, கோரிக்கைப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றான்.

இசை.

ஒரு பெண். "முரளியுடன்தானே பேசுகிறேன்?"

"இல்லை. முரளி இறந்துவிட்டான். போன ஜூலையில். நான் அவன் அப்பா." எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் வைத்துச் சொன்னேன். அவள் வருந்தினாள். முடித்துவைத்த கோரிக்கையைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். மேலதிகாரிக்கு மாற்றினாள்.

மறுபடி இசை. அதே பாட்டு, விட்ட இடத்திலிருந்து.

மேலதிகாரியும் பெண்தான், வயதானவள். "முரளியுடன்தானே பேசுகிறேன்?"

"இல்லை. என் மகன் முரளி இறந்துவிட்டான். சர்வீஸ் செய்ய வேண்டிய வாரத்தில்தான். பதினாறு நாள் அவன் வண்டியை நாங்கள் தொடவில்லை. அது எங்கள் வழக்கம். பிறகு சாம்பலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். நவம்பரில் திரும்பி வந்தவுடன் சர்வீஸ் செய்தோம். அதற்கு முன் எல்லா சர்வீஸும் உரிய தேதிக்குள் நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் என்னிடம் சீல் இருக்கிறது."

குரல் நடுங்கவில்லை. கம்பியின் நீளம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். மூன்று ஆட்களுக்குள் ஒரு மனிதனால் இதை இப்படிச் சொல்ல முடிந்துவிடுகிறது. சுமதி எத்தனை ஆட்களைத் தாண்டிப் போயிருக்கிறாள்?

அந்த அம்மாள், சான்றிதழையும் சர்வீஸ் புத்தகத்தின் பக்கங்களையும் படம் எடுத்து உடனே அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். மதியத்துக்குள் அவளே கூப்பிட்டாள். ஜூலை இடைவெளியைத் தாமதமாகக் கருதமாட்டோம், கோரிக்கையை ஏற்றுக்கொள்கிறோம், வண்டியை அடுத்த வாரம் கொண்டுவந்து விடுங்கள், வேலை முடியும் வரை ஓட்டிக்கொள்ள வேறு வண்டி தருகிறோம் என்றாள். புதிய கியர்பாக்ஸ். அப்படியானால் ரவுண்டானாவில் இனி ஒன்றும் கேட்காது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. நன்றி சொன்னேன்.

மாலையில் சுமதி வரும் சத்தம் கேட்டது. தோளில் பையோடு உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கெடச்சிடுச்சும்மா. கியர்பாக்ஸ் மாத்தித் தர்றாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். மூணு பேருகிட்ட."

"இன்னான்னு சொன்னீங்கோ?"

"முரளி செத்துட்டான்னு சொன்னேன்."

தமிழில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வீட்டில், அவள் எதிரில், அவள் புருஷனை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சுமதி தலையை மட்டும் ஆட்டினாள். பையைக் கீழே வைத்தாள். மேஜையில் எனக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த ஒரு வருடத்தில் அவள் என் எதிரே வெறுங்கையோடு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் ஒரு பாத்திரமோ துணியோ போனோ கையில் இருக்கும்.

"மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரில இன்னா நடந்துச்சின்னு நீங்க கேக்கவே இல்லியே."

"இல்லம்மா."

"இப்ப சொல்லட்டுமா?"

சொல் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"நான் போறதுக்குள்ள அவுரு காலு ஜில்லுனு ஆயிடுச்சி மாமா. ஒரு கால்ல சாக்ஸ் இல்ல..."